காசநோய் எலிகள்: அபோபோவின் சளிப் பரிசோதனைச் சேவை எவ்வளவு தூரம் தேறும்?

தான்சானியாவின் மோரோகோரோ நகரில், சோகோயின் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தளம் அமைத்து இயங்குகிறது அபோபோ. பெல்ஜியத்துக்காரரான பார்ட் வீட்யென்ஸ் 1997-இல் தொடங்கிய தொண்டு நிறுவனம். கண்ணிவெடி தேடும் எலிகளால்தான் பலருக்கும் இதன் பெயர் தெரியும். கம்போடியாவில் வேலை பார்த்த மகாவா என்ற எலிக்கு 2020-இல் பிரிட்டனின் பிடிஎஸ்ஏ என்ற விலங்குநல அமைப்பு தங்கப் பதக்கம் போட்டதும் அது உலகச் செய்தி ஆகிவிட்டது. அதே இன எலிகளை வைத்து அதே நிறுவனம் நடத்தும் காசநோய்ச் சேவைக்கு அந்த வெளிச்சம் விழவில்லை. டார் எஸ் சலாமில் தொடங்கி, பிறகு மொசாம்பிக்கின் மாபுடோவிலும் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலும் லேப் வைத்து விரிந்த இந்தச் சேவையைத்தான் இங்கே எடை போடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் பரிசோதனையாக மைக்ராஸ்கோப் மட்டுமே இருக்கும் ஊரில் இது நல்ல இரண்டாம் சல்லடை. ‘நோய் இருக்கிறதா இல்லையா’ என்று இதையே நம்பி முடிவெடுக்க முடியாது. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் போன்ற மெஷின் முதல் வரிசைக்கு வந்துவிட்ட இடத்தில் இதற்கு வேலை குறைந்துகொண்டே போகும். பத்திரிகைகளில் வரும் ‘லேபைத் தோற்கடித்த எலி’ வகைத் தலைப்புகளை நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

சேவை நடக்கும் முறை இது. விடாத இருமலோடு கிளினிக்குக்கு வருபவரிடம் சளி வாங்குகிறார்கள். அங்கேயே அதை ஸ்லைடில் தடவி, ஜீல்-நீல்சன் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பாசிட்டிவ் என்றால் மருந்து தொடங்கிவிடும். நெகட்டிவ் என்றால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். சிக்கல் இந்த நெகட்டிவ்களில்தான் இருக்கிறது. ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் ஸ்லைடில் கண்ணுக்குத் தட்டுப்படும். நெகட்டிவ் என்று எழுத 100 புலங்களை (மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்த்திருக்க வேண்டும். கூட்டம் நெரியும் கிளினிக்கில் அந்த நூறு எத்தனையாகச் சுருங்கும் என்பது லேபில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சளியில் கிருமி குறைவாகவே வரும் என்பதால் அவர்களே அதிகம் தவறிப்போகிறார்கள். இப்படி ஒருமுறை பார்த்து முடித்த சளியின் மீதியை அபோபோ வாங்கிக்கொள்கிறது. எலிகள் அதை மோந்து பார்க்கின்றன. அவை சந்தேகப்பட்ட மாதிரிகளை மட்டும் லேபில் மனிதர்கள் மறுபடி சோதிக்கிறார்கள். அதில் உறுதியானால் கிளினிக்குக்குத் தகவல் போகும். நோயாளி பைசா கட்டுவதில்லை. நன்கொடையிலும் மானியத்திலும் ஓடும் சேவை இது.

எலியைப் பற்றி இரண்டு வரி. கிரிசெட்டோமிஸ் அன்சோர்கி என்பது இதன் அறிவியல் பெயர்; ஆப்பிரிக்கப் பெரும்பை எலி என்று சொல்லலாம். பை என்றவுடன் கங்காருவை நினைக்க வேண்டாம், தீனியை அடக்கிக்கொண்டு போகும் கன்னப் பை அது. நம்மூர்ப் பெருச்சாளியைவிடப் பெரியது. எடை ஒரு கிலோவைத் தொடும், சிலது தாண்டும். வாலில் முன்பாதி கருப்பு, நுனிப்பாதி வெள்ளை. வீட்டெலிக்கு இது தூரத்துச் சொந்தம்தான், குடும்பமே வேறு. கண் பார்வை மோசம், மூக்கு அபாரம். கூண்டில் 8 வருடம் வரைகூட வாழும். பயிற்சிக்குக் கிட்டத்தட்ட 9 மாதம் பிடிப்பதால், இந்த ஆயுள் இல்லாவிட்டால் போட்ட முதல் திரும்பாது.

நாயோடு ஒப்பிடும்போது இதற்கு இன்னொரு வசதி உண்டு. நாய் ஒருவரோடு ஒட்டிக்கொள்ளும். அவர் லீவில் போனால் வேலை ஆட்டம் காணும். எலிக்கு யார் கையில் வாழைப்பழம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஆள் மாறினாலும் வேலை நிற்காது. இடமும் தீனியும் குறைவு.

இனி கூண்டுக்கு வருவோம். சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள பெட்டி. அடித்தளத்தில் வரிசையாக 10 துளைகள், ஒவ்வொன்றுக்கும் நகர்த்தித் திறக்கும் மூடி. துளைகளுக்கு நேர் கீழே ஒரு சட்டத்தில் 10 சளிக் குப்பிகள். எலி ஒரு முனையில் இறங்கும். மூடி திறக்கும், மூக்கை விடும், பிடிக்கவில்லை என்றால் அரை நொடியில் அடுத்ததற்கு நகரும். காசநோய் வாசம் வந்துவிட்டால் மூக்கை எடுக்காமல் அப்படியே நிற்கும், சில சமயம் துளையின் விளிம்பைப் பிராண்டும். மூன்று நொடி நின்றால் ‘காட்டியது’ என்று குறித்துக்கொள்கிறார்கள். பத்தும் முடிந்தால் சட்டத்தை மாற்றி அடுத்த பத்து. 20 நிமிடத்தில் 100 மாதிரி முடியும்.

‘லேப் டெக்னீஷியனுக்கு நான்கு நாள் வேலை, எலிக்கு 20 நிமிடம்’ என்று விளம்பரங்களில் வருவது இந்தக் கணக்கிலிருந்துதான். ஒருவர் ஒரு நாளில் 20 முதல் 25 ஸ்லைடுகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்ற வழிகாட்டுதலை வைத்துப் போட்டது, அதில் தப்பில்லை. ஆனால் ஒப்பீடு நேர்மையானதாக இல்லை. சளியைச் சூடாக்குவது, குப்பிகளை அடுக்குவது, ஒரே மாதிரியைப் பல எலிகளுக்குக் காட்டுவது, எலிகள் காட்டியதை மறுபடி சோதிப்பது எல்லாம் அந்த 20 நிமிடத்துக்கு வெளியே நிற்கின்றன. எலி மின்னல் வேகம்தான், சேவை அந்த வேகத்தில் நடப்பதில்லை.

சூடாக்கும் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘சளியை மோந்தால் எலிக்கே நோய் வராதா, பயிற்சியாளருக்கு வராதா’ என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. மாதிரிகளை 90 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துக் கிருமியைக் கொன்ற பிறகுதான் கூண்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கிருமி செத்தாலும் அது வெளியிட்ட வாசம் சளியில் தங்கியிருக்கும். மீத்தைல் நிக்கோட்டினேட், மீத்தைல் பாரா-அனிசேட், ஆர்த்தோ-ஃபீனைல் அனிசோல் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்கள் காசநோய்க் கிருமிக்குரியவை என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். முதலாவது, தசைவலிக்குத் தடவும் சில தைலங்களிலும் சேர்க்கப்படும் சரக்கு. எலி இதில் எதைப் பிடித்துக்கொள்கிறது, எத்தனையைச் சேர்த்துப் பார்க்கிறது என்பதை எலிதான் சொல்ல வேண்டும். சூட்டில் கோளாறு வந்தால் அது இரண்டு பக்கமும் கடிக்கும்: குறைந்தால் கிருமி சாகாது, மூடி சரியாக இறுகாமல் சூடாக்கினால் வாசமே பறந்துவிடும்.

பயிற்சி படிப்படியாக நடக்கிறது. குட்டிக்குக் கண் திறந்தவுடன் மனிதக் கை, வண்டிச் சத்தம், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் பழக்குகிறார்கள். அடுத்தது ‘கிளிக்’ சத்தம்: கிளிக் கேட்டால் தீனி வரும் என்பது மண்டையில் ஏற வேண்டும். தீனி என்பது மசித்த வாழைப்பழத்தில் எலித் தீவனத்தைப் பொடித்துக் கலந்து சிரிஞ்சில் ஏற்றியது. பிறகு ஒரே துளை, ஒரே பாசிட்டிவ் மாதிரி. மூக்கை வைத்தவுடன் கிளிக். அடுத்தடுத்த நாள்களில் கிளிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்தி மூன்று நொடிக்குக் கொண்டுவருகிறார்கள். அது நிலைத்த பிறகு நெகட்டிவ் மாதிரி உள்ளே வருகிறது; அதில் நின்றால் ஒன்றும் கிடைக்காது. துளைகள் பத்தாகின்றன. கடைசியில் எது எது என்று பயிற்சியாளருக்கே தெரியாத பரீட்சை. ஒரு எலியைத் தேற்ற சுமார் 6,000 யூரோ ஆகிறது என்பது அபோபோ தரப்புக் கணக்கு.

இதுவரை எல்லாம் சுகம். தினசரி வேலையில் இறங்கும்போதுதான் இந்தச் சேவையின் மிகப் பெரிய தொழில்நுட்பத் தலைவலி தொடங்குகிறது, அது பரிசு.

பயிற்சியில் விடை தெரியும். சரியாகக் காட்டினால் வாழைப்பழம். வேலையில் வரும் புது மாதிரிக்கு விடை தெரியாது. எலி ஒன்றைக் காட்டுகிறது. கொடுக்கலாமா? கொடுத்து, அது நெகட்டிவாக இருந்துவிட்டால் தப்பான வாசத்துக்குப் பழக்கிவிட்டோம். கொடுக்காமல் விட்டு, அது உண்மையான பாசிட்டிவாக இருந்தால், சரியாகச் செய்ததற்குக் கூலி இல்லை என்று கற்பித்துவிட்டோம். அபோபோவின் வழி இது: ஏற்கெனவே உறுதியான பாசிட்டிவ் மாதிரிகளை வரிசைக்குள் ஆங்காங்கே கலந்து வைப்பது, அவற்றைக் காட்டினால் மட்டும் கிளிக்கும் தீனியும். புது மாதிரியைக் காட்டினால் குறிப்பு மட்டும், தீனி கிடையாது. இந்த ‘நட்ட’ பாசிட்டிவ்கள் போதுமான அளவு இருக்கும்வரை எலிக்கு உற்சாகம் குறையாது. குறைந்துவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். எலி சலித்துப்போய் எதிலும் நிற்காது. அல்லது எங்காவது கிடைக்கட்டும் என்று பார்த்த இடத்தில் எல்லாம் நிற்கும். கூடிவிட்டாலோ வயிறு நிறைந்துவிடும், கடைசி முப்பது மாதிரிகளில் அசட்டை வரும். வேலை நாள்களில் கூண்டுக்கு முன் தீனியைக் குறைத்து வைப்பதும், வேலைநேரத்தைக் குறுக்கிக்கொள்வதும் இதற்காகத்தான்.

நட்ட மாதிரியிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. உறுதியான பாசிட்டிவ்களை எடுத்து உறைநிலையில் சேமித்து வைப்பார்கள். புது மாதிரிகள் அன்றைக்கு வந்தவை. உறைந்து உருகிய சளிக்கென்று ஒரு வாசம் உண்டு. எலி புத்திசாலி. காசநோயைத் தேடுவதைவிட, ‘ஃப்ரீசரில் இருந்து வந்ததைத் தேடு, வாழைப்பழம் கிடைக்கும்’ என்று கற்றுக்கொள்வது அதற்குச் சுலபம். குப்பியின் பிளாஸ்டிக் மாறியிருந்தாலும், பாசிட்டிவ்களை மட்டும் ஒரே ஆள் கையுறை போட்டு எடுத்து வைத்திருந்தாலும் இதே கதைதான். மருந்து ஒன்றுதான்: உறுதியான நெகட்டிவ்களையும் அதே வயதில், அதே ஃப்ரீசரில், அதே குப்பியில், அதே கையால் வைத்து வரிசையில் கலக்க வேண்டும். இப்படிக் கலந்த நெகட்டிவ்களில் எலி நிற்கத் தொடங்கினால் அது நோயைப் பிடிக்கவில்லை, வேறெதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். எந்த மோப்ப ஆய்வுக் கட்டுரையைப் படித்தாலும், நாயோ எலியோ, இந்த ஒரு விவரத்தைத்தான் முதலில் தேட வேண்டும். ஒரே தொகுதி மாதிரிகளை வைத்தே பயிற்சியும் கொடுத்து, அதிலேயே பரீட்சையும் வைத்து 95 சதவீதம் என்று அறிவிக்கும் வேலைகள் இந்தத் துறையில் நிறைய. அபோபோ அந்த ரகம் இல்லை என்பது அதற்குப் பெரிய கிரெடிட்.

இனி எண்களுக்கு வரலாம். 2009-இல் அபோபோ எலிகள் 10,523 பேரின் சளியை மோந்தன. எல்லாமே கிளினிக்கில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடித்தவை. கிளினிக்குகள் அதில் 13.3 சதவீதம் பேரை பாசிட்டிவ் என்று கண்டுபிடித்திருந்தன. எலிகள் காட்டியதை மறுபடி சோதித்தபோது மேலும் 620 பேர் சிக்கினார்கள். கண்டுபிடிப்பு 44 சதவீதம் கூடியது என்று எல்லாரும் மேற்கோள் காட்டும் எண் இதுதான். நல்ல எண், ஆனால் இது எலியின் திறமையை மட்டும் அளப்பதில்லை; அந்தக் கிளினிக்குகளின் மைக்ராஸ்கோப் வேலை எவ்வளவு தவறவிட்டது என்பதையும் சேர்த்தே அளக்கிறது. முதல் வடிகட்டல் சுமாராக இருக்கும் இடத்தில் இரண்டாவது பிரமாதமாகத் தெரியும்.

தனியாக எலியை அளக்க, கிருமி வளர்க்கும் கல்ச்சர் சோதனையோடு ஒப்பிட வேண்டும். 2012-இல் வந்த ஓர் ஆய்வில் 289 பேர். உறுதியான காசநோயாளிகள் 56 பேரில் 45 பேரை எலிகள் பிடித்தன. நோய் இல்லாத 228 பேரில் 63 பேரையும் சேர்த்துக் காட்டின. அதாவது உணர்திறன் (நோயாளிகளில் எத்தனை பேரைப் பிடித்தது) 80.4 சதவீதம், துல்லியத் தெரிவு (நோயற்றவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டது) 72.4 சதவீதம். எலி காட்டிய ஒருவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு 41.7 சதவீதம்தான். ஆனால் எலி கண்டுகொள்ளாமல் விட்டவருக்கு நோய் இல்லாதிருக்கும் வாய்ப்பு 93.8 சதவீதம்.

இதைவிடக் கறாரான சோதனை தான்சானியாவின் பாகமோயோவில் நடந்தது, 2015-இல் வெளியானது. தகுதியான 469 நோயாளிகள், அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு எச்.ஐ.வி. ‘நோய் இல்லை’ என்று சும்மா எழுதிவிடவில்லை; காசநோய் மருந்து எடுக்காமலே ஐந்து மாதம் கழித்தும் நன்றாக இருந்தவர்களை மட்டும்தான் நோயற்றவர் கணக்கில் வைத்தார்கள். ஏழு எலிகள். குறைந்தது இரண்டு முறை காட்டப்பட்டால் சந்தேகம் என்று வைத்துக்கொண்டபோது கிடைத்தது: உணர்திறன் 56.9 சதவீதம், துல்லியத் தெரிவு 80.5 சதவீதம். எச்.ஐ.வி. இருப்பதால் எலியின் வேலை பாதிக்கப்படவில்லை, இது நல்ல செய்தி. சளியில் கிருமி குறைந்தால் பாதிக்கப்பட்டது, இது கெட்ட செய்தி. மைக்ராஸ்கோப் தவறவிடும் குறைந்த கிருமிச் சளிக்காகத்தானே எலியைக் கூப்பிடுகிறோம்? உலக சுகாதார நிறுவனம் எதிர்பார்க்கும் தரத்தை இந்த எலிகள் எட்டவில்லை என்று அந்த ஆய்வே எழுதியது. முதற்கட்டமாகச் சலித்துக் கொடுக்கும் சோதனைக்கு அந்த நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே உணர்திறன் 90, துல்லியத் தெரிவு 70 சதவீதம்.

கறாரான எண்ணையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைக்ராஸ்கோப்பில் நெகட்டிவான 1,000 பேர். அவர்களில் 5 சதவீதம், அதாவது 50 பேருக்கு நோய் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலிகள் 28 பேரைப் பிடிக்கும், 22 பேரை விட்டுவிடும். நோயில்லாத 950 பேரில் 185 பேரைத் தவறாகக் காட்டும். ஆக 213 மாதிரிகளை மறுபடி சோதிக்க வேண்டும். ஏழை நாடுகளுக்கு 2023 முதல் ஒரு ஜீன்எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜ், அதாவது ஒரு சோதனைக்கு மெஷினில் போடும் ஒரு பெட்டி, 7.97 டாலர். ஆயிரம் பேருக்கும் போட்டால் 7,970 டாலர். எலி சலித்துக் கொடுத்த 213-க்கு மட்டும் என்றால் கிட்டத்தட்ட 1,700 டாலர். ஒரு நோயாளியைக் கண்டுபிடிக்க ஆகும் கார்ட்ரிட்ஜ் செலவு பாதிக்கும் கீழே வருகிறது. 22 பேர் கைநழுவுகிறார்கள். கார்ட்ரிட்ஜ் வாங்கப் பணமே இல்லாத இடத்தில் அந்த 50 பேரில் ஒருவரும் கிடைத்திருக்க மாட்டார்கள், அங்கே 28 என்பது முழு லாபம். பணமும் மெஷினும் இருக்கும் இடத்தில் அந்த 22 பேருக்கு யார் பதில் சொல்வது? மைக்ராஸ்கோப் நெகட்டிவ்களில் கிருமி குறைவு என்பதால் உண்மையில் 28 இன்னும் கொஞ்சம் இறங்கலாம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

எத்தனை எலி காட்டினால் சந்தேகம் என்று வைப்பது என்பது சேவை நடத்துபவரின் கையில் இருக்கும் திருகு. ஒன்று போதும் என்றால் அதிக நோயாளிகள் சிக்குவார்கள், மறுசோதனைக் குவியலும் வீங்கும். மூன்று வேண்டும் என்றால் குவியல் சிறுக்கும், நோயாளிகள் நழுவுவார்கள். மறுசோதனை லேபின் கொள்ளளவைப் பார்த்துத்தான் இதைத் திருக வேண்டும். எலியைக் குறை சொல்லும் பல புகார்கள் இந்தத் திருகைத் தப்பாக வைத்ததால் வருபவை.

குழந்தைகள் விஷயத்தில் சேவை தன் கூலியைச் சம்பாதிக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட 982 குழந்தைகளின் மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. மைக்ராஸ்கோப்பில் 34 குழந்தைகள் பாசிட்டிவ். எலிகள் வழியாக இன்னும் 23 பேர். கிட்டத்தட்ட 68 சதவீதம் கூடுதல். எக்ஸ்ரேவைக் கம்ப்யூட்டர் படித்துச் சொல்லும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தபோது 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று நிறுத்திக்கொண்டது. ஆக, குழந்தைகளைச் சலிக்க இருக்கும் சில கருவிகளில் எலிக்கு ஒரு இடம் உண்டு. என்ன, குழந்தை சளியைத் துப்பாது, விழுங்கிவிடும். மாதிரி எடுப்பதே பாதிப் போராட்டம். குழந்தையின் மலத்தையே ஜீன்எக்ஸ்பர்ட்டில் போட்டுப் பார்க்கும் முறை வந்துவிட்ட பிறகு இந்த இடமும் சுருங்கலாம்.

எலியால் முடியவே முடியாதவை: காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்று சொல்ல முடியாது, ஜீன்எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு, மூளை உறை என்று நுரையீரலுக்கு வெளியே இருக்கும் காசநோய்க்குச் சளியே கிடையாது, எனவே எலிக்கும் வேலை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப் பட்டியலில் இல்லாததால், எலி காட்டியதை மட்டும் வைத்து எந்த டாக்டரும் மருந்து எழுத முடியாது, எழுதவும் கூடாது.

இந்தியாவுக்கு இது சரிப்படுமா என்று கேட்பவர்களுக்கு: உலகக் காசநோயாளிகளில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் இங்கே இருந்தாலும், நம் அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்று அறியப்படும் ஜீன்எக்ஸ்பர்ட்டும், கோவாவில் தயாராகும் அதே வகை மெஷினான ட்ரூநாட்டும் முதல் சோதனையாகவே பரவிக்கொண்டிருக்கின்றன. மெஷின் எட்டும் இடத்தில் எலிக்கூண்டு வைப்பதில் அர்த்தமில்லை.

நிர்வாகப் பக்கம் சேவை காலப்போக்கில் தேறியிருக்கிறது. முன்பு டார் எஸ் சலாம் மாதிரிகள் சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி மோரோகோரோவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். விடை வரும்போது ‘நெகட்டிவ்’ என்று கேட்டுக்கொண்டு போன நோயாளி எந்த ஊரில் இருக்கிறாரோ. நகரத்திலேயே லேப் திறந்த பிறகு 24 மணி நேரத்தில் விடை கொடுப்பது இலக்கானது. குணமான நோயாளிகளே நடத்தும் முக்குடா என்ற அமைப்பின் தொண்டர்கள் வீடு தேடிப் போய் ஆளைக் கூட்டி வருகிறார்கள். எலியைவிட இந்தத் தொண்டர்கள்தான் சேவையின் முதுகெலும்பு என்றால் மிகையில்லை. லேபில் 28 பேரைக் கண்டுபிடித்து, தெருவில் 10 பேரைத் தொலைத்தால் எலிக்குக் கொடுத்த வாழைப்பழம் வீண்.

எலிகளை வைத்திருக்கும் விதத்தில் குறை சொல்ல இடமில்லை. மண்பானைக் கூடு, ஓட்டச் சக்கரம், வேர்க்கடலை, பழம், காய், வெயிலில் உலர்த்திய கருவாடு, கால்நடை மருத்துவர் கவனிப்பு. வேகம் குறைந்த எலியை வேலையிலிருந்து விடுவித்து, சாகும்வரை வைத்துப் பராமரிக்கிறார்கள்.

இந்தச் சேவையில் சேரும் கிளினிக் செய்ய வேண்டியவை பெரும்பாலும் காகித வேலைதான், ஆனால் அங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். காலையில் எழுந்ததும், வாயைத் தண்ணீரில் கொப்பளித்த பிறகு, ஆழமாக இருமி எடுத்த கெட்டிச் சளி வேண்டும். எச்சில் வந்தால் எலி அதில் ஒன்றும் காணாது. சோற்றுப் பருக்கை கிடந்தால் அதற்காகவே நிற்கும். கிருமிநாசினி தொட்ட கையால் குப்பியின் விளிம்பைத் துடைத்து அனுப்பினால் மொத்த வரிசையின் வாசமும் கெடும். நம்பரைக் குப்பியின் உடலில் எழுத வேண்டும்; மூடி மேல் எழுதுவதைத் தவிர்க்க வேண்டும், மூடி மாறிப்போகும். ஃபாரத்தில் நோயாளியின் போன் நம்பரோடு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் நம்பரும் வாங்கி வைக்க வேண்டும். நெகட்டிவ் என்று சொல்லி அனுப்பும்போதே, ‘உங்கள் சளியை இன்னொரு முறை பார்க்கிறோம், கூப்பிடலாம்’ என்று சொல்லிவிட்டால், பிறகு போன் போகும்போது ஆள் பதறாமல் வருவார்.

எலிகள் காட்டி, மறுசோதனையிலும் நெகட்டிவ் என்று வந்துவிட்டால் ஃபைலை மூடிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மறுசோதனையும் மைக்ராஸ்கோப்தான் என்றால் அதே குறை அதிலும் உண்டு. இருமலும் இரவு வியர்வையும் எடைக் குறைவும் தொடர்ந்தால், அந்தப் பழைய மாதிரியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை விட்டு, புதுச் சளி வாங்கி ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த வசதி எட்டாத தூரத்தில் இருந்தால் மாவட்ட மருத்துவமனையில் எக்ஸ்ரேவாவது எடுத்துப் பார்க்க வேண்டும்.